ஒரு விரல்கடை

ஜூன் 2, திங்கள்

அப்பா ஸ்பேனரைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துவிட்டு அவளிடம் கொடுத்தார். நான் முதலில் கவனித்தது அதைத்தான். எனக்கு அவர் எதையும் துடைத்துக் கொடுத்ததில்லை. ஷெட்டில் துடைக்கிற வேலை என்னுடையது.

அவள் மிருதுளா, தாராபுரத்து அத்தையின் மகள். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் கடைசி வருடம். ஆறு வாரம் ஒரு பட்டறையில் வேலை பழகி, பட்டறைக்காரரின் கையெழுத்தோடு ஒரு நோட்டைக் கல்லூரியில் கொடுக்க வேண்டுமாம். "சொந்த மாமன் ஷெட்டு கோயமுத்தூர்ல இருக்கையில வேற எங்க போவா?" என்று அத்தை போனில் கேட்டார். அப்பாவும் சரி என்றுவிட்டார். என் அறையில் என் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்தாயிற்று.

"வாங்க மருமகளே" என்றார் அப்பா அவள் பையை வாங்கிக்கொண்டே. அவள் சிரித்தாள். அவளுக்கு எல்லாரையும் பார்த்துச் சிரிக்க வருகிறது.

என்னைவிட இரண்டு வயது மூத்த அத்தை மகள் என்பதால் நங்கையா என்று கூப்பிட வேண்டும் என்கிறார் அம்மா. நான் இன்னும் எதுவும் கூப்பிடவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பீன்ஸ் பொரியல். அம்மா எனக்கென்று எடுத்த கரண்டி பாதி வழியில் திரும்பி அவள் தட்டுக்குப் போனது.

ஜூன் 5, வியாழன்

பத்மாவதி அம்மாவின் பென்ஸ் வந்தது. வெண்ணெய் நிறம். நாற்பது வருடத்து வண்டி. அவருடைய அப்பா வாங்கியதாம். பத்மாவதி அம்மா கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை தானே ஓட்டிக்கொண்டு கோத்தகிரிக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். போன வருடம் இடது முழங்காலில் ஆபரேஷன். அது சரியாக மடங்குவதில்லை. கிளட்சை மிதிக்க முடியவில்லை.

அதனால் கிளட்சே இல்லாமல் செய்துவிடலாம் என்று முடிவு. பழைய கியர்பாக்ஸை இறக்கிவிட்டு ஆட்டோமேட்டிக் ஏற்ற வேண்டும். கொச்சியில் இதே மாடல் வண்டி ஒன்று மரம் விழுந்து நசுங்கிப்போனது. அதன் கியர்பாக்ஸ் லாரியில் வருகிறது.

"ஒரு டிரைவரப் போட்டுக்கலாமுங்களே" என்று அம்மா கேட்டார், டீ கொடுக்கும்போது.

"போட்டா நான் பின் சீட்டுல உக்காரணும். நாப்பது வருசமா முன்னாடி உக்காந்திருக்கேன். பின்னாடி உக்காந்தா எனக்கு வாந்தி வரும்" என்றார் பத்மாவதி அம்மா.

அப்பா ஆயிரம் கியர்பாக்ஸாவது இறக்கி ஏற்றியிருப்பார். ஆட்டோமேட்டிக் ஒன்றுகூட ஏற்றியதில்லை. இதை அவர் பத்மாவதி அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் போன பிறகு மிருதுளாவிடம் சொன்னார். "உனக்கு இதெல்லாம் கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்கல்ல? நீ இருக்கற தைரியத்துலதான் ஒத்துக்கிட்டேன்."

அவர் ஆட்டோமேட்டிக் ஏற்றியதில்லை என்பது எனக்குத் தெரியும். என்னிடம் சொல்லியிருந்தாலும் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஜூன் 7, சனி

வண்டியை ஷெட் தரையில் உள்ள குழிமேல் நிறுத்திப் பழைய கியர்பாக்ஸை இறக்கினார்கள். அப்பாவும் அவளும் குழிக்குள். நான் மேலே. அவள் காக்கி ஓவரால் போட்டிருந்தாள். கல்லூரியில் தைத்துக் கொடுத்ததாம், மார்புப் பையில் அவள் பெயர் போட்டிருக்கிறது.

போல்ட்டுகள் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. நான் அவற்றைப் பிஸ்கட் டப்பாக்களில் போட்டுக்கொண்டே வந்தேன். எந்த டப்பாவில் எது என்று நான் எழுதிவைப்பதில்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அளவு பதின்மூன்றா பதினாலா என்று பார்க்காமலே விரலில் சொல்லிவிடுவேன்.

மாலையில் அவள் என் டப்பாக்களை எல்லாம் கொட்டி, பிளாஸ்டிக் கவர்களில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் சீட்டு ஒட்டினாள். ஒட்டும் முன் என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினாள். "இது எங்க இருந்து வந்துச்சு கோகி? இது?" எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன்.

அப்பா வந்து பார்த்தார். "பாத்தியா கோகி, படிச்ச புள்ள எப்படி அடுக்கி வெச்சிருக்குன்னு."

"கோகிதாங்க மாமா எல்லாம் சொன்னா" என்றாள் அவள்.

அவள் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னதால் எனக்கு அவள்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். அவள் என் சீயக்காயைக் கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். தீரவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கொச்சி லாரி வந்தது. மூன்று சாக்குகளில் சுற்றிய கியர்பாக்ஸ், லீவர், இரண்டே பெடல் கொண்ட செட், ரேடியேட்டர், அப்புறம் கன்வெர்ட்டர்.

கன்வெர்ட்டர் ஒரு நடுத்தரப் பூசணிக்காய் அளவில் மூடிய இரும்புக் குண்டு. உள்ளே சிவப்பு எண்ணெய் நிரம்பிச் சுழலும். கிளட்ச் செய்கிற வேலையை இது செய்கிறது. கியர்பாக்ஸின் வாய்க்குள் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதில் இதைச் செருக வேண்டும். தண்டுக்கு அடியில் ஒரு பம்ப் இருக்கிறது. கன்வெர்ட்டரின் கழுத்து அந்தப் பம்பின் பல்லில் போய்ப் பொருந்தினால்தான் பம்ப் சுற்றும்.

இதையெல்லாம் மிருதுளா அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்து போல்ட்டுகளை டீசலில் கழுவிக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கும் தெரியும். எனக்குச் சொல்லவில்லை, ஆனால் தெரியும்.

"மூணு தடவ விழும் மாமா. சுத்திக்கிட்டே அழுத்தணும். டொக்குனு ஒண்ணு, டொக்குனு ரெண்டு. மூணாவது விழுந்தாத்தான் பம்புல உக்காந்திருக்குன்னு அர்த்தம். இல்லாம மாட்டினா பம்ப் ஒடஞ்சுரும்."

அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்பா அப்படி யார் பேச்சையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 12, வியாழன்

மதியம் அவள் என்னிடம் கேட்டாள், ஏன் பள்ளிக்கூடத்தை விட்டாய் என்று. அவளுக்கு எல்லாவற்றையும் நேராகக் கேட்க வருகிறது.

பிடிக்கவில்லை என்றேன்.

பதினொன்றாம் வகுப்பில் தினமும் ஒருவர் முன்னால் போய் ஒரு பாடத்தை விளக்க வேண்டும் என்று புது மிஸ் ஒரு வழக்கம் வைத்தார். என் முறை வந்த அன்று மதிய மணி அடித்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும். அம்மா அடித்துப் பார்த்தார், அழுது பார்த்தார். அப்பா மட்டும் ஒன்றும் கேட்காமல் "சும்மா உக்காந்திருக்காத, ஷெட்டுக்கு வா" என்றார். அது எனக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

வந்த முதல் மாதத்திலேயே குழிக்குள் இறங்கட்டுமா என்று கேட்டேன். "வண்டிக்கு அடியில உனக்கு என்ன வேல கண்ணு? மேல ஏதாச்சும் விழுந்து வெச்சா உங்கம்மாளுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். இரண்டு வருடம் ஆகிறது. நான் திரும்பக் கேட்கவில்லை.

மிருதுளா இன்றைக்கு முழுவதும் குழிக்குள்தான் இருந்தாள்.

ஜூன் 14, சனி

கிளட்ச் பெடலைக் கழற்றியாயிற்று. பத்மாவதி அம்மா வந்து அது இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். "பல்லு போன மாதிரி இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

போகும்போது என் அருகில் நின்று, "நீதானே தனபாலோட பொண்ணு? பேச மாட்டியோ?" என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு சொன்னார், "அது அப்படித்தானுங்க. பேசறதெல்லாம் இந்தப் புள்ளதான்." மிருதுளாவின் தோளைத் தட்டினார்.

ஜூன் 15, ஞாயிறு

அவள் பாயில் குப்புறப் படுத்துத் தன் நோட்டை எழுதினாள். ஒவ்வொரு நாளும் என்ன வேலை செய்தாள் என்று படம் போட்டு எழுதுகிறாள். கையெழுத்து அச்சு மாதிரி. அவள் குளிக்கப் போனபோது புரட்டினேன். ஏழாம் தேதிப் பக்கத்தில் 'போல்ட்டுகளை அடையாளம் கண்டவர்: கோகிலவாணி' என்று இருந்தது.

அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் அவள் துணியை ஊறவைத்துவிட்டு அப்படியே மறந்துவிடுகிறாள் என்று சொன்னேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்று ஏற்றினார்கள்.

காலையில் ஷெட் தரையில் வைத்து மிருதுளா கன்வெர்ட்டரைச் செருகினாள். சுற்றினாள், அழுத்தினாள். மூன்று டொக்கும் எனக்குக் கேட்டது. ஸ்கேல் வைத்து அளந்தாள். கியர்பாக்ஸின் வாய் விளிம்பைவிட உள்ளே இருந்தது, எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவு. நோட்டில் குறித்துக்கொண்டாள். பிறகு, தூக்கும்போது முன்னால் சரியாமல் இருக்கக் குறுக்கே கம்பி கட்டட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாள்.

"கம்பி எதுக்கு? கோகி கை இருக்குதே. கோகி, நீயும் எறங்கு."

அப்படித்தான் நான் முதல்முறை குழிக்குள் இறங்கினேன். எண்ணெய் வாடையும் மண் வாடையும். மேலே வண்டியின் வயிறு. நான் நினைத்திருந்ததைவிடக் குழி சின்னது. மூன்று பேர் நின்றால் முழங்கை இடிக்கிறது.

அப்பா ஜாக்கியை அடித்தார். அவள் பின்பக்கத்தைத் தாங்கி நேர் பார்த்தாள். நான் முன்னால் நின்று கன்வெர்ட்டரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். என்ஜினுக்குப் பக்கத்தில் போனதும் கையை எடுத்துவிட வேண்டும், அதுதான் வேலை.

பாதி உயரத்தில் அப்பா மூச்சு வாங்க நின்றார். "இந்த வேல மட்டும் முடியட்டும் மருமகளே, போர்டுல ஒம் பேரையே எழுதிடலாம். தனபால் ஒர்க்ஸ எடுத்துட்டு மிருதுளா ஒர்க்ஸ்."

"அய்யோ மாமா" என்று அவள் சிரித்தாள். கியர்பாக்ஸ் கொஞ்சம் ஆடியது.

என் கையில் ஏதோ நகர்ந்த மாதிரி இருந்தது. எண்ணெய்க் கை. வழுக்கியிருக்கும்.

பிறகு மேலே போய்ச் சேர்ந்தது. கடைசியில் ஒரு விரல்கடை இடைவெளி நின்றது. அவள் ஏதோ சொன்னாள், அப்பா ஏதோ சொன்னார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. போல்ட்டைப் போட்டு முடுக்கினார்கள். சேர்ந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு அப்பா பரோட்டா வாங்கி வந்தார்.

ஜூன் 18, புதன்

ரேடியேட்டர் மாற்றினார்கள். லீவர் மாட்டினார்கள். எனக்குத் தலைவலி என்று வீட்டிலேயே இருந்தேன்.

ஜூன் 19, வியாழன்

பத்து மணிக்குச் சிவப்பு எண்ணெய் ஊற்றி என்ஜினை ஓடவிட்டார்கள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு உள்ளே இருந்து ஒரு சத்தம். குக்கர் விசில் வருவதற்கு முன் இழுக்குமே, அந்த மாதிரி. அப்பா லீவரை நகர்த்தினார். வண்டி அசையவில்லை. பின்னால் போட்டார். அசையவில்லை. குழிக்குள் சிவப்பாகச் சொட்டியது.

"அமத்துங்க மாமா, அமத்துங்க" என்றாள் அவள்.

அப்பா என்ஜினை அணைத்தார். கதவைத் திறந்துகொண்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 20, வெள்ளி

திரும்ப இறக்கினார்கள். கன்வெர்ட்டரை வெளியே எடுத்ததும் தெரிந்துவிட்டது. பம்பின் உள் பல்லில் கன்வெர்ட்டரின் கழுத்து மாட்டிக்கொள்கிற இரண்டு காதும் முறிந்து கிடந்தன. அதன் மூடியிலும் விரிசல். அப்பா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கன்வெர்ட்டர் சரியா உக்காரல" என்றார்.

"நான் அளந்தேனுங்க மாமா. நோட்டுலகூட…"

"அளந்தது சரின்னா இது எப்படி ஒடஞ்சுது?"

அப்பா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "படிச்சவங்க சொன்னா சரியா இருக்கும்னு நம்பிட்டேன். தப்பு எம் மேலதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அவள் குளியலறையில் வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீ பாத்துட்டுதானே இருந்த கோகி? மூணு தடவ விழுந்துச்சா இல்லையா? எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு. ரெண்டுதான் விழுந்துச்சோ என்னமோ."

நான் கவனிக்கவில்லை என்றேன்.

ஜூன் 21, சனி

மிருதுளா இன்று ஷெட்டுக்கு வரவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை.

நானும் அப்பாவும் மட்டும். பழைய மாதிரி. இல்லை, பழைய மாதிரியும் இல்லை. பழைய கியர்பாக்ஸையே திரும்ப ஏற்றிவிடலாம் என்று சொல்லி, கிளட்ச் தட்டைக் கழுவ என்னிடம் கொடுத்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒங் கைக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவ படிப்புக்குத் தெரியல கண்ணு. நாந்தான் பாக்காம விட்டுட்டேன். இனிமே குழிக்குள்ள நீ எறங்கு. உனக்கு ஒண்ணொண்ணா காட்டித் தர்றேன்."

இதற்காகத்தான் இரண்டு வருடம் காத்திருந்தேன். இப்படியே ஒரு நாள் சொல்வார் என்று வார்த்தை வார்த்தையாக நினைத்துவைத்திருந்தேன். கிளட்ச் தட்டு கையில் இருந்தது. கழுவியதையே திரும்பக் கழுவினேன்.

சாயங்காலம் பத்மாவதி அம்மா ஆட்டோவில் வந்தார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார்.

"வேற பம்ப் கெடைக்காதா தனபால்?"

"கொச்சியில கேட்டாக் கெடைக்குமுங்க. ஆனா என்னால இன்னொருக்கா அதுல கை வெக்க முடியாதுங்க. எங்க தப்பு நடந்துச்சுன்னே தெரியல. தெரியாம மறுபடி ஏத்துனா மறுபடி ஒடையும். பழசையே போட்டுத் தந்தர்றேன். நீங்க ஒரு டிரைவரப் பாத்துக்குங்க."

பத்மாவதி அம்மா வண்டிக் கதவைத் திறந்து, இடது காலைக் கையால் தூக்கி முதலில் உள்ளே வைத்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். வண்டியில் கியர்பாக்ஸே இல்லை. ஹாரனை ஒரு தரம் அடித்துப் பார்த்தார். அது நன்றாக அடித்தது.

"சரி, டிரைவரைப் பாக்கறேன்" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

மிருதுளா நாளைக் காலை ஊருக்குப் போகிறாள். மூன்று வாரம்தான் ஆகிறது, ஆறு ஆகவில்லை. அம்மா தடுத்துப் பார்த்தார். வேறு எங்காவது பட்டறை பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். இந்த மூன்று வாரத்துக்காவது மாமா கையெழுத்துப் போடுவாரா என்று என்னைக் கேட்கச் சொன்னாள். அவளுக்கே கேட்கத் துணிவில்லை. எல்லாவற்றையும் நேராகக் கேட்கிறவள்.

அப்பாவிடம் கேட்டேன். "என்னன்னு எழுதறது கண்ணு? நல்லா வேல செஞ்சான்னு எழுதவா? அப்புறம் அங்க போய் இன்னொருத்தர் வண்டியில கைய வெப்பா" என்றார். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பைக்குள் வைத்தாள். "பரவால்ல. மாமா சொல்றதும் நியாயந்தான்" என்றாள். பிறகு அந்தப் பையிலிருந்தே ஒரு சின்ன டார்ச் எடுத்துக் கொடுத்தாள், தலையில் மாட்டுகிற வகை. "குழிக்குள்ள எறங்கறப்ப போட்டுக்க. ரெண்டு கையும் சும்மா இருக்கும்."

செவ்வாய்க்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதில் இரண்டு இடம் சரியில்லை.

எண்ணெய்க் கை இல்லை. இறங்கும் முன் பனியன் வேஸ்டில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் இறங்கினேன். போர்டில் பெயர் எழுதலாம் என்று அப்பா சொன்னபோது என் கை தளர்ந்தது. தானாகத் தளர்ந்ததா, நான் தளர்த்தினேனா என்று ஐந்து நாளாக யோசிக்கிறேன், தெரியவில்லை. கியர்பாக்ஸ் ஆடியபோது கன்வெர்ட்டர் முன்னால் வந்து என் உள்ளங்கையில் முட்டியது. ஒரு விரல்கடை. அழுத்தினேன், உள்ளே போகவில்லை. சுற்றிக்கொண்டே அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுற்றவில்லை.

என்னை யாரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். கேட்டார்கள்.

கடைசி இடைவெளி நின்றபோது அவள் சொன்னாள், "மாமா, போல்ட்டப் போட்டு இழுக்காதீங்க. உள்ள உக்காந்திருந்தா கையாலயே சேந்துருமாம். சேரலன்னா எறக்கிப் பாக்கணும்." கிளட்ச் வண்டிகளில் கடைசி விரல்கடைக்குப் போல்ட்டை மாட்டி இழுத்துக்கொள்வது அப்பாவின் பழக்கம். முப்பது வருடமாக அப்படித்தான் செய்கிறார். "ஒம் புஸ்தகத்துல எழுதி வெச்சிருக்கறவன் இந்தக் குழிக்குள்ள நின்னிருக்கானா?" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். அப்போது அப்பா என் பக்கம் திரும்பினார்.

"கோகிதானே கை வெச்சிருந்தா. கோகி, அது நகரலியே?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்புறம் என்ன? கோகி கை சொன்னாச் சரி" என்று சொல்லிப் போல்ட்டை முடுக்கினார்.

அவ்வளவுதான் நடந்தது.

ஜூன் 23, திங்கள்

ஒன்பதரைக்குப் பஸ். அம்மா புளிச்சாதம் கட்டினார். மிருதுளா பையோடு ஷெட்டுக்கு வந்து அப்பாவிடம் "போய்ட்டு வர்றேனுங்க மாமா" என்றாள். அப்பா பத்திரமாகப் போ என்றார். அத்தையைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. கொச்சிக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய கியர்பாக்ஸ், டிராலி ஜாக்கியின் மேல் பலகையில் இருந்தது. சாக்கு இன்னும் சுற்றவில்லை.

"நங்கையா, இருங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது. நின்றாள்.

நான் கன்வெர்ட்டரை எடுத்தேன். கனம். மிருதுளா பையைக் கீழே வைத்துவிட்டு ஒரு பக்கம் பிடிக்க வந்தாள், ஏன் என்று கேட்காமல். பம்ப் இல்லாவிட்டாலும் கன்வெர்ட்டர் தண்டில் ஏறும். சுற்றிச் சுற்றி அழுத்தினேன். உள்ளே போய் நின்றது.

"என்ன பண்ற கோகி? பஸ்ஸுக்கு நேரமாச்சு அவளுக்கு" என்றார் அப்பா.

அவர் பக்கத்தில் போனேன். சொல்ல வேண்டியதை இரவெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். ஒன்றுகூட வரவில்லை. அவர் கையைப் பிடித்து ஜாக்கி பக்கம் இழுத்துவந்தேன். சின்ன வயசுக்கு அப்புறம் அவர் கையைப் பிடித்ததில்லை. உள்ளங்கையை விரித்துக் கன்வெர்ட்டரின் முன்பக்கத்தில் வைத்தேன்.

"இப்படியே வெச்சிருங்கப்பா. அழுத்த வேண்டாம்."

கியர்பாக்ஸின் பின்பக்கம் போய் இரண்டு கையையும் பலகைக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். முன்பக்கம் தாழ்ந்தது. உள்ளே இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. அப்பாவின் மணிக்கட்டு கொஞ்சம் பின்னால் வந்தது. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பலகையை இறக்காமல் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கும் எங் கையில இப்படித்தான் வந்துச்சு. நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியும்" என்றேன்.